வேறு சிம்

தலைக்கு மேலே தொங்குரயில் போகையில்
என் கடைக் கண்ணாடி ஒருமுறை சிலிர்க்கும்.
வுப்பர்டாலில் இதற்கு யாரும் நிமிர்வதில்லை.
அவள் நிமிர்ந்தாள்.
பிறகு கையுறையைக் கழற்றி
மேசையில் வைத்தாள் ஒரு நோக்கியாவை,
சூடு ஆறாத பாணை வைப்பது போல.

"தம்பி, பூட்டு உடைக்க எவ்வளவு?"
"உடைக்கிறதில்லை அக்கா, திறக்கிறது.
பதினைஞ்சு யூரோ."
"உள்ளுக்கு ஒண்டும் அழியக் கூடாது."
"அழியாது."
"ஒண்டும்."

ஒப்பந்தம் யார் பெயரில் என்று கேட்டேன்.
"அவற்ரை பேரில.
அவர் இப்ப சூரிச்சில.
பில் மட்டும் இஞ்ச வந்துது, ரெண்டு வருசம்.
கடைசிப் பில்லும் கட்டியாச்சு."
மடித்த காகிதத்தை விரித்துக் காட்டினாள்,
நான் கேட்காமலே.
ரசீதில் தவமலர் என்று எழுதினேன்.

நட்சத்திரம், வேலிக்குறி, பூச்சியம், ஆறு, வேலிக்குறி.
பதினைந்து இலக்கங்கள்
பச்சை வெளிச்சத்தில் வந்து நின்றன.
அதைக் கணினிக்குக் கொடுத்தால்
இன்னொரு நீள எண்ணைத் துப்பும். அதுதான் சாவி.
ஐந்து தரம் பிழைத்தால்
அதன்பிறகு கடவுளும் திறக்க ஏலாது.
இதை வாடிக்கையாளரிடம் சொல்வதில்லை நான்.
இவளிடம் சொன்னேன்.
"ஐஞ்சு தரமோ?" என்றாள்.
"அது கனக்க."

நட்சத்திரத்தை மூன்றுதரம் அழுத்தினால் ஓர் எழுத்து,
நாலுதரம் அழுத்தினால் வேறொன்று.
விரல் தயங்கினால் தொடக்கத்திலிருந்து வரவேண்டும்.
முதல் தரம்:
ஃபால்ஷ் என்றது திரை.
பிழை என்பதற்கு ஜேர்மனில்
சுடுதட்டில் நீர்த்துளி விழுகிற சத்தம்.
இரண்டாம் தரமும் அதே துளி.

அவள் கதிரையில் இருக்கவில்லை.
ஆஸ்பத்திரிச் சலவை அறையில் வேலையாம்.
விரிப்புகளுக்குள் சுருண்டு வரும்
மூக்குக்கண்ணாடி, பல்செட், ஒற்றைக் காலுறை.
ஒருமுறை ஒரு கைபேசி
இயந்திரத்துக்குள் அடித்தபடியே சுற்றியதாம்.
"அறுபது பாகையில, தம்பி.
ஆரெண்டு எடுத்துக் கேக்க முடியேல்லை."

எனக்கும் ஒரு தாள் தந்திருந்தார்கள் முன்பு:
இந்த மாவட்ட எல்லை தாண்டினால் தண்டம் என்று.
டுசல்டோர்ஃப் அரை மணித்தியாலம்.
ஆறு வருடம் அதை
ரயிலின் நெற்றிப் பலகையில் மட்டும் வாசித்தேன்.
அதை ஏன் இப்போது நினைத்தேன் என்று
என்னையே கடிந்துகொண்டு
கணினியில் கொடுத்ததைச் சரிபார்த்தேன்.
கம்பனிக்கான இலக்கம்தான் பிழை.
நாட்டுக்கானது சரியாகவே இருந்தது.

மூன்றாம் தரம் திரை கொஞ்சம் யோசித்தது.
பிறகு, கட்டுப்பாடு நீங்கியது என்றது,
வாழ்த்தும் இல்லை, மணியும் இல்லை.

இழுப்பறையைத் திறந்தேன்.
நீலம், செம்மஞ்சள், துருக்கிக்கு மலிவானது,
கொழும்புக்கு நிமிடம் ஒன்பது சதம்.
"எது போடட்டும்?"
பேசில் இருந்து, மெல்லுதாளில் சுற்றிய
ஒரு சிம்மை எடுத்தாள்.
அதே கம்பனி. புதுசு. அவள் பெயரில்.

"அக்கா, இதுக்குத் திறக்கவே தேவையில்லை.
பூட்டோடையே வேலை செய்திருக்கும்."
"தெரியும்."
"பிறகேன்?"
"எங்கட நிலவறைக்குள்ள
இது மட்டும்தான் இழுக்கும்."
நான் கேட்டது அதுவல்ல.
அதுவும் அவளுக்குத் தெரியும்.

சிம் ஏறியது. நாலு கோடுகள்.
மூலையில் கடித உறை சிமிட்டியது:
பெட்டி நிரம்பிவிட்டது, எதையாவது அழி.
அவள் பார்த்தாள், அழிக்கவில்லை,
கைபேசியைக் கோட்டுப் பைக்குள் விட்டாள்.

பதினைந்து யூரோவை நாணயமாக அடுக்கினாள்.
கடைசி இரண்டின்மேல் விரலை வைத்து
எடுக்காமல் நின்றாள்.
"ஐஞ்சு தரம் எண்டனீர். மூண்டுதானே முடிஞ்சுது?"
"ஓம்."
"மிச்சம் ரெண்டையும் கழிச்சு விடும்."

விட்டேன்.